அரித்தல்: கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயமும் நீரில் விழும் துகளின் கணிதமும்

ஈப்போவிலிருந்து பத்து காஜா நோக்கிச் செல்லும் வழியில் அமைந்த சிற்றூர் லகாட். அதனைச் சூழ்ந்துள்ள குட்டைகள் இயற்கையாய் அமைந்தவை அல்ல. ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து உருவானவை. நீரோட்டத்தில் திடத்துகள் எவ்வாறு நகர்கிறது என்னும் அறிவியல் வினாவை இந்நிலத்தின் வரலாற்றைக் கொண்டே விளக்க இவ்வுரையில் முற்படுகிறோம்.

நம் வீடுகளில் அரிசி அரிப்பதை நாம் அறிவோம். நீரைச் சுழற்றிச் சாய்க்கும்போது அரிசி நீரோடு செல்ல, கனத்த கல் அடியில் தங்குகிறது. 'டுலாங்' என்னும் மரத்தட்டை ஏந்தி ஆற்றில் நின்ற பெண்கள் செய்ததும் அதுவே. அவர்கள் மணலை ஓடவிட்டு ஈயத்தாதுவைத் தேக்கினர்.

1880-களில் கிந்தாவில் ஈயத்தொழில் பெருகியது. இருபதாம் நூற்றாண்டில் இதே முறை பேருருவம் கொண்டது. பீறிடும் நீரால் மண்சுவரைக் கரைத்து, அச்சேற்றைப் பம்பினால் உயரே ஏற்றி, 'பலோங்' என்னும் நீண்ட சாய்வான மரவாய்க்காலில் ஓடவிட்டனர். குறுக்கே பதித்த கட்டைகளின் பின்னே தாது படிந்தது. மணலும் களிமண்ணும் கடைவாயில் வெளியேறின.

இதன் காரணத்தை 1851-இல் வெளியான ஆய்வுரையில் ஜார்ஜ் கேப்ரியேல் ஸ்டோக்ஸ் கணிதமாக்கினார். நீரில் விழும் நுண்துகளை அதன் எடை கீழே இழுக்கிறது. மிதப்பு விசையும் பாகியல் விசையும் எதிர்க்கின்றன. இவை சமனாகும்போது துகள் மாறா வேகத்தில் விழுகிறது. அவ்வேகம் துகளுக்கும் நீருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டிற்கும், விட்டத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் அமையும். ஈயத்தாதுவின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 7; மணலினது 2.65. ஆகவே 0.05 மி.மீ. விட்டமுடைய தாதுத்துகள் அசையா நீரில் நொடிக்கு 8 மி.மீ. அளவில் இறங்க, அதே அளவுள்ள மணல் 2 மி.மீ.க்குச் சற்று மேலாகவே இறங்குகிறது.

எனினும் இவ்விதிக்குள்ளேயே ஓர் இடர் உள்ளது. தாதுத்துகளைப் போல ஏறத்தாழ இருமடங்கு விட்டமுடைய நுண்மணல் அதே வேகத்தில் விழும். அப்போது நீரால் இரண்டையும் பிரிக்க இயலாது. இத்தகைய சமவேக வீழ்ச்சியை ஆஸ்திரியச் சுரங்க அறிஞர் ரிட்டிங்கர் 1867-இல் வெளியிட்ட தம் நூலில் ஆராய்ந்தார். வேகம் மாறிக்கொண்டே செல்லும் துகளுக்கான சமன்பாட்டைப் பூசினெஸ்க், பாசெட், ஓசீன் ஆகியோர் வளர்த்தனர். சீரற்ற நீரோட்டத்திற்கு ஏற்ற வடிவத்தை 1983-இல் மாக்சியும் ரைலியும் அளித்தனர். பலோங்கில் நின்றவர்களோ நீரின் அளவையும் வாய்க்காலின் சாய்வையும் கண்ணாலும் கையாலும் அறிந்து சரிசெய்தனர்.

வெளியேறியவை எங்கே சென்றன? மணலின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கே உடைய 0.005 மி.மீ. துகளின் வேகம் நூற்றில் ஒரு பங்காகக் குறைகிறது. அசையா நீரிலேயே அது மணிக்கு 8 செ.மீ. அளவே இறங்கும், ஓடும் நீரிலோ படியவே படியாது. இவ்வாறு ஈயவயல்களின் வண்டல் கிந்தா ஆற்றை அடைந்தது. ஓட்டம் தளர்ந்த இடங்களில் படிந்து ஆற்றுப்படுகையை உயர்த்தியது. படுகை உயர்ந்தால் வெள்ளம் கரை கடக்கும். இதன் கடுமையை அண்டை மாநிலமான சிலாங்கூரில் காண்கிறோம். சுரங்க வண்டலாலும் வெள்ளத்தாலும் வாழ இயலாமற்போன கோலகுபு நகரம் கைவிடப்பட்டு, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோலகுபு பாரு எழுந்தது. தாதுவைத் தேக்கித் தந்த விதியே வண்டலை ஊருக்குள் கொண்டு சேர்த்தது. ஆனால் இலாபக் கணக்கில் தேங்கியது மட்டுமே எழுதப்பட்டது. ஓடியதன் விலையை ஆற்றங்கரை மக்கள் செலுத்தினர்.

1985-இல் ஈயவிலை வீழ்ந்தது, சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன, குட்டைகள் எஞ்சின.

ஆசிரியர்கள் ஒரு கண்ணாடிக் குடுவையில் மண்ணும் நீரும் இட்டுக் கலக்கி வைத்தால், மணல் நொடிகளில் படிவதையும் களிமண் மறுநாளும் கலங்கி நிற்பதையும் மாணவர் தாமே அளந்தறியலாம். தமிழில் கல்லைப் பிரிப்பதும் 'அரித்தல்'. நீர் நிலத்தைக் கரைத்துச் செல்வதும் 'அரித்தல்'. இவ்விரு பொருளையும் சேர்த்தே கற்பிக்க வேண்டுமென்பது நம் வேண்டுகோள்.