சாப்பாட்டுக் கூடத்தில் கிடைத்த விடை

1994-ல் அமெரிக்க அரசுப் பள்ளிகளில் நூற்றுக்கு 35-ல் இன்டர்நெட் எட்டிப் பார்த்திருந்தது. வகுப்பறைகளை எண்ணினால் நூற்றுக்கு மூன்றுதான். கம்பி இழுக்கவும் மாதா மாதம் கட்டணம் கட்டவும் கிராமத்துப் பள்ளிகள் எங்கே போகும்?

அடுத்த ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தைப் புதுப்பிக்க செனட் உட்கார்ந்தது. குடியரசுக் கட்சியின் ஒலிம்பியா ஸ்னோவும் ஜனநாயகக் கட்சியின் ஜே ராக்ஃபெல்லரும் கைகோத்து ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: பள்ளிக்கும் நூலகத்துக்கும் தள்ளுபடியில் இணைப்பு. அதை நீக்கிவிட செனட்டர் ஜான் மெக்கெய்ன் முயன்றார்; சபை இடம் கொடுக்கவில்லை. 1996 பிப்ரவரி 8 அன்று, பொருத்தமாக காங்கிரஸ் நூலகத்திலேயே, ஜனாதிபதி கிளின்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார். எத்தனை சதவீதம் தள்ளுபடி என்பதை மட்டும் சட்டம் சொல்லவில்லை.

அந்தத் தலைவலி தகவல்தொடர்பு ஆணையத்துக்கு வந்தது. எது ஏழைப் பள்ளி என்று எப்படி முடிவு செய்வது? விடை பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்திலேயே இருந்தது. இலவசமாகவோ குறைந்த விலையிலோ மதிய உணவு பெறத் தகுதியுள்ள பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கு அங்கே தயாராக இருந்தது. முக்கால்வாசிப் பிள்ளைகள் அதில் வந்தால் 90 சதவீதத் தள்ளுபடி. நூற்றில் ஒருவர்கூடத் தேறாத நகரத்துப் பள்ளிக்கு 20. ஒரு பருக்கைகூடப் பரிமாறாத நூலகத்துக்கும் அந்த வட்டாரப் பள்ளிகளின் சாப்பாட்டுக் கணக்குதான் அளவுகோல்! 1997 மே மாதம் விதிகள் வந்தன. ஆண்டுக்கு 225 கோடி டாலர் வரை. யார் கொடுப்பது?

தொலைபேசி கம்பெனிகள் கொடுத்தன. கொடுத்ததை வாடிக்கையாளர் பில்லில் தனிக் கட்டணமாக ஏற்றின. ஜனங்கள் கொதித்தார்கள். திட்டத்துக்காக முன்னால் நின்ற துணை ஜனாதிபதி அல் கோரின் பெயரில் ‘கோர் வரி’ என்று எதிரிகள் பட்டம் கட்டினார்கள். திட்டத்தை நடத்த அமைத்த கழகமே அதிகாரமில்லாமல் உருவானது என்று தணிக்கை அலுவலகம் குண்டு போட்டது. 30,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் காத்துக் கிடக்க, 1998 ஜூனில் ஆணையம் தொகையையும் வெட்டியது. கம்பெனிகள் போட்ட வழக்கு வேறு தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நவம்பரில் முதல் ஒதுக்கீட்டுக் கடிதங்கள் கிளம்பின. மறு ஆண்டு வழக்கிலும் இந்தத் தள்ளுபடி தப்பியது. 2005-க்குள் நூற்றுக்கு 94 வகுப்பறைகளில் இன்டர்நெட் வந்துவிட்டது. இன்று பல அமெரிக்க நூலகங்களில் காசில்லாமல் கிடைக்கும் வை-ஃபைக்குப் பின்னால் இருப்பது ‘ஈ-ரேட்’ என்று பெயர் பெற்ற இந்தத் திட்டம்தான். நீதிமன்றம் மட்டும் விட்டபாடில்லை. நிதி திரட்டும் முறையே செல்லாது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூனில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தள்ளுபடிதான் ஜெயித்தது.