கலஹா: பல்கலைக்கழக அனுமதியும் நிதியுதவியும்

கலஹா கண்டி மாவட்டத்தின் தேயிலை மலைச் சிறுநகர். பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தை ஊடறுத்துச் செல்லும் வீதிக்கே கலஹா வீதி என்று பெயர். ஆனால் அந்த வளாகத்துக்குள் நுழைய வீதி மட்டும் போதாது.

அனுமதியை 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, க.பொ.த. உயர்தர இசட் புள்ளிகளைக் கொண்டு தீர்மானிக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியவை. நுவரெலியா அப்பட்டியலில் உண்டு, கண்டி இல்லை. மாவட்டம், படித்த பாடசாலையைக் கொண்டே கணிக்கப்படுகிறது. ஆகவே கலஹாவின் தோட்டப் பிள்ளை கண்டி நகரின் பெரிய கல்லூரி மாணவரோடு ஒரே வரிசையில் நிற்கிறது. மலைக்கு அப்பால் நுவரெலியா மாவட்ட ஹங்குராங்கெத்தையில் அதேபோன்ற தோட்ட லயத்தில் வளரும் பிள்ளைக்குக் கிடைக்கும் சலுகை இதற்கில்லை. மாவட்ட எல்லை வறுமையின் எல்லையல்ல என்பதை இந்த ஒதுக்கீட்டு முறை கணக்கில் எடுப்பதில்லை.

அரச பல்கலைக்கழகங்களில் உள்நாட்டு இளமாணி மாணவருக்குக் கற்பித்தல் கட்டணம் கிடையாது. விடுதி, உணவு, பயணம் ஆகியவையே சுமை. இதற்கு அன்றைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் 1981இல் சட்டப்படி அமைந்த மஹாபொல புலமைப்பரிசில் நிதியம் மாதாந்தத் தொகை வழங்குகிறது. அது கிடைக்காத குறைந்த வருமானக் குடும்பத்தினர் பர்சரி எனும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென இந்திய உயர்ஸ்தானிகராலயம் சார்ந்த, 1947இல் தொடங்கிய கல்வி அறக்கட்டளையும் உண்டு. இவற்றுக்கான வருமானச் சான்றைக் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் வழியே பெறவேண்டும்.