வேரும் சுவரும்



நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றின் கைப்பிடிச் சுவரில் விரல் நீள அரசங்கன்று ஒன்று முளைத்திருந்தது. "கோடை விடுமுறையில் பிடுங்கிக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டேன். விடுமுறைகள் சில கழிந்தன. பின்னர்ப் பிடுங்கியபோது கன்றோடு செங்கற்களும் பெயர்ந்து வந்தன. அன்று நான் கற்ற பாடத்தை ஒரு பேரரசும் கற்றிருக்கிறது. அதனையே இன்று கூற விழைகின்றேன்.

கம்போடிய நாட்டு அங்கோர் நகரில் தா புரோம் என்னும் பௌத்தக் கோயில் உள்ளது. கெமர் மன்னன் ஏழாம் ஜயவர்மன் 1186-ஆம் ஆண்டில் தன் அன்னையின் நினைவாக அங்கே பிரஞ்ஞாபாரமிதை என்னும் தேவியின் திருவுருவை நிறுவினான். அக்கோயிலின் பணிக்காக 3,140 ஊர்களும் 79,365 மக்களும் அமர்த்தப்பட்டிருந்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகின்றது. ஒரு கோயிலுக்கு இத்தனை பேர் எதற்கு என நாம் வியக்கலாம். அதற்கு விடை பின்னாளில் கிடைத்தது.

1431-ஆம் ஆண்டில் அயுத்தியப் படைகள் அங்கோரைக் கைப்பற்றின. பின்னர்க் கெமர் மன்னர்கள் தெற்கே பெயர்ந்தனர். தா புரோமில் ஆள் நடமாட்டம் ஒழிந்தது. பறவைகளின் எச்சத்தில் வந்த அத்தி இனத்து விதைகள் கூரை இடுக்குகளில் முளைத்தன. அக்கோயிலின் மணற்கற்கள் சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. ஆதலால் மயிரிழை போன்ற வேர், கற்களின் இடைவெளியில் எளிதாக நுழைந்தது. ஆண்டுதோறும் பருத்து, ஆப்புப்போல் கற்களை விலக்கிற்று. வானளாவிய மரங்கள் புயலில் ஆடியபோது அவற்றின் வேர்கள் நெம்புகோலாயின.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கோரைச் சீர்ப்படுத்த வந்த பிரெஞ்சு அறிஞர்கள், இயற்கையின் வலிமையைக் காட்டும் சான்றாக இக்கோயிலைப் பெரும்பாலும் கண்டவாறே விட்டுவைத்தனர். அதில் ஓர் இக்கட்டும் இருந்தது. கற்களைப் பிரித்த வேர்களே காலப்போக்கில் அவற்றைக் கட்டிப் பிடித்தும் நின்றன. மரத்தை வெட்டினால் வேர் மக்கும்; வேர் மக்கினால் சுவர் சரியும். வெட்டாமல் விட்டாலோ பிளவு பெருகும். பகைவனே தூணாகிவிட்ட நிலை அது.

2004-ஆம் ஆண்டளவில் இந்தியத் தொல்லியல் துறையினர் கம்போடிய அரசோடு இணைந்து அங்கே பணி தொடங்கினர். சாய்ந்த சுவர்களுக்கு முட்டுக் கொடுத்தனர். விழுந்த கற்களை இனங்கண்டு உரிய இடத்தில் அடுக்கினர். கற்களோடு மரங்களின் நலனையும் பேணினர். முளையிலேயே கிள்ளியிருந்தால் ஒரு கையின் வேலை. இன்று அதற்கு இரு நாடுகளின் உழைப்பு வேண்டியிருக்கின்றது.

நம் நாட்டுக் கோபுரங்களிலும் ஆலும் அரசும் தலைகாட்டக் காண்கிறோம். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர் கையில் உழவாரம் ஏந்தி, ஊர்தோறும் சென்று, கோயில் வளாகத்துப் புல்லையும் களையையும் செதுக்கினார் என்பது நாம் அறிந்த வரலாறு. பாடல் பாடிய பெருமகனார் அப்பணியைத் தாழ்வாகக் கருதவில்லை.

கோயிலைக் கட்டிய மன்னனின் பெயரைக் கல்வெட்டு காத்தது. ஆனால் கோயிலைக் காத்தவர்கள், நாள்தோறும் கூரைமேல் ஏறி முளையைக் கிள்ளிய பெயர் தெரியாத மனிதர்கள். அவர்கள் நின்ற நாளில்தான் வேர் வென்றது. நண்பர்களே, உங்கள் பள்ளிச் சுவரையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.