கழகமும் சந்தாவும்: ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டுக் கழகம் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவோர் பதினொரு வீரர்களே. அவர் உதைக்கும் பந்தை வாங்கிய பணம் எவருடையது, மைதானத்துப் புல்லை வெட்டுவித்தவர் எவர், தோற்ற நாளில் வீரரை வீடு கொண்டு சேர்த்த வாகனத்துக்குக் கூலி கொடுத்தவர் எவர் என்று கேட்போர் மிகச் சிலர். ஆட்டம் பார்ப்பதும் ஆரவாரஞ் செய்வதும் இரசிகனின் கடமை. செலவு செய்வது வேறு எவருடையவோ கடமை என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். இவ்வெண்ணம் சரிதானா? தன் கழகத்தை நேசிக்கும் இரசிகன் அதற்குச் சந்தா கொடுத்து அங்கத்தவனாதல் வேண்டுமா? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடை யாது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வாம்.

1899ஆம் ஆண்டு இவ்வாராய்ச்சிக்கு நல்ல தொடக்கமாகும். அவ்வாண்டிலே கொழும்பு மாநகரில் தமிழ் யூனியன் கிரிக்கெற், மெய்வல்லுநர் கழகம் தோன்றியது. அதே ஆண்டு நவம்பர் 29ஆந் திகதி, ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனா நகரில், கம்பேர் என்னும் சுவிற்சர்லாந்து இளைஞரின் முயற்சியால் ஓர் உதைபந்தாட்டக் கழகம் தோன்றியது. ஒன்றையொன்று அறியாத இரு கழகங்கள். இரண்டும் அங்கத்தவர் கூடி அமைத்தவை. அரசனோ வணிக நிறுவனமோ அவற்றைப் படைக்கவில்லை.

முதலிற் கொழும்பை நோக்குவோம். அக்காலத்துக் கழகங்கள் பல இனத்தின் பேராலே அமைந்தன. பறங்கியர் 1896இலும், சிங்களவர் 1899இலும், சோனகர் 1908இலும் தத்தமக்கெனக் கழகங் கண்டனர். தமிழ் யூனியனும் அவ்வரிசையில் வந்ததே. கொழும்பு ஓவல் என வழங்கிய அதன் மைதானத்தில் 1948ஆம் ஆண்டு டொன் பிரட்மன் ஆடினார். அன்று ஆடுகளம் இரண்டு யார் குறைவாக அளக்கப்பட்டிருந்தது என்பது இன்றும் சொல்லிச் சிரிக்கும் செய்தி. பின்னாளில் பைக்கியசோதி சரவணமுத்து அவர்களின் பெயர் அம்மைதானத்துக்குச் சூட்டப்பட்டது. இலங்கை தன் முதலாவது டெஸ்ற் ஆட்டத்தை 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆந் திகதி தொடங்கியதும், 1985இல் இந்தியாவை வென்று தன் முதலாவது டெஸ்ற் வெற்றியைப் பெற்றதும் அம்மண்ணிலேதான். 1947இல் சென்னைச் சேப்பாக்கத்திலே 215 ஓட்டம் எடுத்த சதாசிவமும், 800 டெஸ்ற் விக்கெற்றுகளை வீழ்த்திய முத்தையா முரளிதரனும் ஆடிய கழகம் அது. ஒரு சிறுபான்மைச் சமூகத்தார் தமக்கெனக் கூடி அமைத்த கழகத்தின் மண், ஒரு நாட்டின் வரலாறு நிகழும் மண்ணாயிற்று என்பது ஈண்டு நினைவில் வைக்கத்தக்கது.

இனிப் பார்சிலோனாவை நோக்குவோம். தொடங்கி ஒன்பது ஆண்டுகளுக்குள் அக்கழகம் மூச்சடங்கும் நிலைக்கு வந்தது. 1908இல் எஞ்சிய அங்கத்தவர் 38 பேர் மட்டுமே. கலைத்துவிடலாம் என்னும் பேச்சு எழுந்தபோது கம்பேர் தாமே தலைமையை ஏற்றார். நழுவியவர்களைத் தேடிப் பிடித்தார்; புதியவர்களைச் சேர்த்தார். அடுத்த ஆண்டே கழகத்துக்குச் சொந்த மைதானம் உண்டாயிற்று. 1922இல் அதனிலும் பெரிய மைதானம் எழுந்தது. 1925இல், ஓர் ஆட்டத்தின்போது அரச கீதம் ஒலிக்கையில் கூட்டத்தினர் சீழ்க்கையடித்தனர் என்று இராணுவ ஆட்சியாளர் மைதானத்தைப் பூட்டினர். கம்பேரும் பதவி விலக நேர்ந்தது. தலைவர் போனார், மைதானம் பூட்டப்பட்டது, கழகமோ போகவில்லை. ஏனெனில் அது தலைவரிடமும் இருக்கவில்லை, மைதானத்திலும் இருக்கவில்லை. சந்தாப் புத்தகத்திலே பெயர் எழுதியிருந்த ஆயிரக்கணக்கானோரிடம் இருந்தது. 1990இல் ஸ்பெயின் அரசு, தொழில்முறைக் கழகங்கள் பங்குக் கம்பனிகளாக மாறவேண்டும் எனச் சட்டம் செய்தது. அப்போது விலக்குப் பெற்று அங்கத்தவர் கழகங்களாகவே நிலைத்த நான்கனுள் பார்சிலோனாவும் ஒன்று. இன்று அதன் அங்கத்தவர் இலட்சத்துக்கு மேற்பட்டோர். தலைவரைத் தம் வாக்கினாலேயே தெரிவு செய்கின்றனர்.

கல்கத்தாவின் கதையும் இத்தகையதே. 1889இல் தோன்றிய மோகன் பகான் கழகம் 1911ஆம் ஆண்டு யூலை 29ஆந் திகதி ஆங்கிலேயப் படைப்பிரிவொன்றை வென்று கேடயம் பெற்றது. வென்ற பதினொருவருள் ஒருவர் ஒழிய ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினர். காலணி இல்லாத அணிக்குப் பின்னால் ஒரு நகரமே நின்றது.

இனி மறுபுறத்தையும் காணல் வேண்டும். அங்கத்தவர் இல்லாத இடத்தில் இரசிகனுக்கு நேர்வது யாது? இங்கிலாந்திலே விம்பிள்டன் என்னும் கழகம் தன் பழைய மைதானத்தை 1991இல் இழந்தது. 2002இல் அதன் உரிமையாளர் கழகத்தையே வேறொரு நகருக்குப் பெயர்த்துச் செல்ல அனுமதி பெற்றனர். வருடக்கணக்காகச் சீட்டு வாங்கிப் பார்த்தவர்கள் அழுதனர், கூக்குரலிட்டனர், ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் சீட்டு வாங்கியவர்களேயன்றிக் கழகத்தின் உடைமைக்காரர் அல்லர். அப்போது அவர்கள் என்ன செய்தனர்? தமக்குள்ளே பணஞ் சேர்த்து அதே ஆண்டு புதியதொரு கழகம் கண்டனர். ஒன்பதாம் படியிலிருந்து தொடங்கி 2011இல் தொழில்முறை லீக்கினுள் நுழைந்தனர். 2020 நவம்பரிலே, தாம் இழந்த அதே தெருவிலே எழுப்பிய புதிய மைதானத்துக்குத் திரும்பினர். அதன் செலவின் ஒரு பகுதியையும் ஆதரவாளர்களே கடனாகக் கொடுத்தனர். இடம்பெயர்ந்து, இருபத்தொன்பது ஆண்டுகளின் பின் ஊர் திரும்பியோரின் மனம் எத்தகையது என்பதை வன்னியில் உள்ளோர்க்கு விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 2020இல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தின் பெயராலே ஓர் அணி அமைந்தது. ‘யாழ்ப்பாணம் ஸ்ராலியன்ஸ்’ என்னும் அவ்வணியே முதற் கிண்ணத்தை வென்றது. வடக்கு முழுவதும் மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் அவ்வாண்டு ஆட்டங்கள் யாவும் அம்பாந்தோட்டையிலே நடந்தன. அடுத்த ஆண்டு உரிமை கைமாறிற்று. அணியின் பெயரும் ‘கிங்ஸ்’ என்று மாறிற்று. பெயரை மாற்றலாமா என்று நம்மை எவரும் கேட்டிலர். கேட்க வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை. நாம் பார்வையாளர், அவ்வளவே.

இனி நம் வன்னிக்கு வருவோம். முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும் தனி மாவட்டங்களாயின. ஆனால் ஊர்கள் அவற்றினும் மிகப் பழையன. ஊர்தோறும் ஒரு குளம், ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு சனசமூக நிலையம், அதன் அயலிலே ஒரு விளையாட்டுக் கழகம் என்பது நம் வாழ்க்கை அமைப்பு. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ்க் கழகங்கள் பதிவு செய்யப்படுகின்றன. யாப்பு, நிருவாகசபை, வருடாந்தப் பொதுக்கூட்டம் யாவும் கடதாசியிலே உண்டு. சந்தா என்னும் வாசகமும் அந்த யாப்பிலே உண்டு. அது வசூலிக்கப்படுகின்றதா என்பதே கேள்வி.

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது வன்னி மக்கள் இலட்சக்கணக்கில் செட்டிகுளத்து முகாம்களில் இருந்தனர். முகாம்கள் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டன. மீளக் குடியேறிய ஊர்களிலே வீட்டுக்குக் கூரை வேயும் முன்னரே பிள்ளைகள் பந்து தேடினர். நாமும் அப்பிள்ளைகளுள் அடங்குவோம். காட்டுத் தடியிலே கோல் கம்பம் நட்டோம். முதலில் ஒரு தொண்டு நிறுவனம் பந்தும் வலையும் தந்தது. அதன் திட்டம் முடிந்ததும் அது போயிற்று. பின்னர் தேர்தற் காலங்களிலே சீருடைகள் வந்தன. அதன்பின் கடல் கடந்த உறவினர் அனுப்பிய பணம் வந்தது. ஒவ்வொரு முறையும் நாம் கைதட்டினோம், நன்றியுரை வாசித்தோம், பொன்னாடை போர்த்தினோம். சந்தாப் புத்தகமோ அலுமாரியிலே கிடந்தது.

ஒரு நாள் கொடையாளர் ஒருவர், கழகத்தின் பெயரோடு தம் குடும்பப் பெயரையுஞ் சேர்க்கவேண்டும் என்றார். அவர் கெட்டவர் அல்லர்; ஊரிலே பற்றுடையவர். ஆயினும் அப்பெயர் எம் தந்தைமார் வைத்த பெயர். அதனை அணிந்து ஆடியோருள் இன்று இல்லாதோர் பலர். பொதுக்கூட்டம் கூடியது; வந்தவர் ஒன்பது பேர். “மறுக்கலாம், மறுத்தால் அடுத்த சுற்றுப்போட்டிக்குப் பந்து வாங்கக் காசு எங்கே?” என்று தனாதிகாரி கேட்டார். விடை சொல்ல ஒருவராலும் முடியவில்லை. மைதானத்தைச் சுற்றி நின்று கத்துவோர் முந்நூறு பேர். கழகத்தின் பெயரைக் காக்க வேண்டிய வேளையில் வந்தவரோ ஒன்பது பேர். அன்றிரவுதான் சந்தா என்பதன் பொருள் எமக்கு விளங்கிற்று. அது பந்து வாங்கும் பணம் மாத்திரமன்று. ‘இல்லை’ என்று சொல்லும் உரிமையின் விலை.

சந்தாவுக்கு எதிராகச் சொல்லப்படுவனவும் உள. அவற்றை மறைத்தல் நேர்மையாகாது. முதலாவது, வறுமை. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்திடம் மாதந்தோறும் பணம் கேட்பது தகுமோ? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கவே திண்டாடிய வீடுகளை நாம் அறிவோம். இரண்டாவது, சந்தா ஒரு வேலியாகவும் மாறக்கூடும். கொழும்புக் கழகங்கள் பல நெடுங்காலம் உயர்ந்தோர் கூடமாகவே இருந்தன. வாயிலுக்கு வெளியே நின்று பார்த்தோரே அதிகம். நம் ஊரிலும் சந்தாவின் பெயராலே சிலரை உள்ளே விட்டுச் சிலரை வெளியே நிறுத்தும் கை எழாது என்பதற்கு உறுதி இல்லை. மூன்றாவது, அங்கத்தவர் இருந்தாற் போதும், எல்லாம் நன்றாய் நடக்கும் என்பதுமன்று. நாம் மேலே புகழ்ந்த பார்சிலோனாவே 2021இல் 135 கோடி யூரோ கடனிலே மூழ்கியிருந்தது. இலட்சம் பேர் வாக்களித்தும் கணக்கைக் கவனியாவிடின் கப்பல் தாழும்.

இம்மூன்றும் உண்மை. ஆயினும் இவை சந்தா வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் அல்ல. எத்தகைய சந்தா வேண்டும் என்பதற்கு வழிகாட்டிகள். நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். குளத்து நீர் பாயும் வாய்க்காலைத் துப்பரவு செய்கையில் ஒவ்வொரு கமக்காரனும் தன் வயலின் அளவுக்கேற்பப் பங்கெடுத்தான். காசில்லாதவன் மண்வெட்டியோடு வந்தான். வராதவனைக் கேள்வி கேட்கும் உரிமை வந்தவனுக்கு இருந்தது. கோயிலுக்குப் பிடியரிசி எடுத்த வீடுகளிலே செல்வர் வீடும் இருந்தது. ஒருவேளை உலை வைக்கும் வீடும் இருந்தது. நாம் படித்த மிஷன் பள்ளிக்கூடத்திலே, காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் கதையை ஆசிரியர் அடிக்கடி சொல்வார். வீட்டிலே அம்மம்மாவின் பிடியரிசிப் பானையைக் கண்ட எமக்கு அக்கதை அந்நியமாய்த் தோன்றவில்லை. கொடுப்பதன் அளவிலன்று, தானும் கொடுத்தேன் என்பதிலேதான் உரிமை பிறக்கின்றது.

ஆதலின் எமது கருத்து இதுவாகும். சந்தா சிறிதாயிருத்தல் வேண்டும். ஒரு தேநீர்ச் செலவுக்கு மேற்படலாகாது. பணம் கொடுக்க இயலாதார் மைதானத்திலே ஒரு நாள் உழைத்தால் அதுவே சந்தாவாக ஏற்கப்படல் வேண்டும். சாதி, தெரு, கட்சி என்னும் வேறுபாடின்றிப் புத்தகம் எவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். பெண்பிள்ளைகளும் பந்தெடுத்து ஆடும் காலம் இது. தாய்மாரும் சகோதரிகளும் அங்கத்தவராகிப் பொதுக்கூட்டத்திலே வாக்களித்தல் வேண்டும். வாங்கிய ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு. வருடந்தோறும் பரிசோதித்த கணக்கு வாசிகசாலைச் சுவரிலே. கடல் கடந்த உறவினரின் உதவியை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவர்களும் எம்மோடு ஒத்த அங்கத்தவராய், ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் முறையிலே சேரட்டும். ஜேர்மனியிலே 1998 முதல், எத்துணைப் பெரிய முதலாளி பணம் இட்டாலும் வாக்கின் பாதியும் அதற்கு மேல் ஒன்றும் அங்கத்தவர் கையிலேயே இருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. அவ்விதியின் உட்பொருள் நம் ஊருக்கும் பொருந்தும்.

எம் ஊர்க் கழகத்தின் கதை எங்ஙனம் முடிந்தது என்று வாசகர் கேட்கக்கூடும். அந்த ஒன்பது பேரும் மறுநாள் மாலை அலுமாரியைத் திறந்து சந்தாப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து, வீடு வீடாகச் சென்றனர். முதலாவது வீட்டிலே ஒரு மூதாட்டி, “இவ்வளவு நாளும் ஏன் தம்பி வரேல்லை?” என்று கேட்டார். மாத முடிவிலே பந்து ஒன்று வாங்கினோம். அது விலை குறைந்த பந்து, நன்றாய்த் துள்ளவுமில்லை. ஆயினும் சீருடையிலே பழைய பெயர் அப்படியே இருந்தது. அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் வந்து, கணக்கைக் காட்டு என்று சத்தமிட்டனர். எமக்கு அச்சத்தம் கோல் விழுந்த நேரத்து ஆரவாரத்திலும் இனிதாயிருந்தது.

இளைஞர்காள்! மைதானத்தின் ஓரத்திலே நின்று கைதட்டுவது எளிது. அடுத்த முறை கைதட்டுமுன், உங்கள் ஊர்க் கழகத்தின் சந்தாப் புத்தகத்தில் உங்கள் பெயர் உண்டா என்று பாருங்கள்.