இரைப்பையும் குருதியும்: பெப்சினோசன் ஆராய்ச்சியின் வரலாறு

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருந்து எதனையும் பெயர் சுட்டிக் கூறினாரல்லர். அவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களுள் ஆறு, உண்ணும் அளவையும் உண்டது செரித்தலையும் பற்றியனவாகவே அமைந்துள்ளன. உண்டது செரித்ததா என்பதை உண்டவனே உணரலாம். ஆயின், செரிக்கச் செய்யும் இரைப்பையே நலிவுறுமாயின் அதனை எங்ஙனம் அறிவது? கண்ணுக்குப் புலனாகாத அவ்வுறுப்பின் நிலையைச் சில துளிக் குருதியைக் கொண்டு மதிப்பிடும் முறையொன்று கடந்த நூற்றாண்டில் உருவாயிற்று. அம்முறை தோன்றி வளர்ந்த வரலாற்றைக் கூறுவதும், வன்னி மண்ணுக்கு அது எவ்வளவு பொருந்தும் என நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

கலைப்பீட மாணவனுக்கு இத்துறையில் என்ன அலுவல் என வாசகர் வினவக்கூடும். கிளிநொச்சியில் வயல் விதைத்து வாழ்ந்த எங்கள் அப்பப்பாவுக்குப் பல்லாண்டுகளாக வயிற்றெரிவு இருந்தது. அதனை 'வாயு' என்றே வீட்டார் கருதினர். ஓமத்தண்ணீரும் கடையில் வாங்கிய மாத்திரையுமே வைத்தியமாயின. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் வயிற்றெரிவை ஒரு நோயாக எண்ண எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை. மீளக் குடியமர்ந்தபின், வேறு மாவட்டத்து மருத்துவமனையொன்றில் குழாய் செலுத்திப் பார்த்தபோது இரைப்பைப் புற்றுநோய் முற்றியிருந்தது. "முன்னமே அறிய ஒரு வழியும் இருக்கவில்லையோ?" என்று அப்பம்மா கேட்பார். அக்கேள்வியே என்னை இவ்வரலாற்றின்பால் இட்டுச் சென்றது.

சமிபாடு என்பது அரைத்தலா, அவித்தலா, அன்றி வேறொன்றா என்று ஐரோப்பிய அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். 1752இல் பிரெஞ்சு அறிஞர் ரேயோமர், இறைச்சி வைத்த சிறு உலோகக் குழாயைப் பருந்தொன்றை விழுங்கச் செய்தார். பருந்து கக்கிய குழாயினுள் இறைச்சி கரைந்திருந்தது. குழாய்க்குள் அரைபட இடமில்லையாதலின், கரைத்தது இரைப்பைச் சாறே என்பது பெறப்பட்டது. 1822இல் வட அமெரிக்காவின் மக்கினோத் தீவில் அலெக்சிஸ் சென். மார்ட்டின் என்னும் கூலியாள் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்கானார். அவர் உயிர் தப்பினும் இரைப்பையில் ஏற்பட்ட துளை மூடவில்லை. படை மருத்துவர் வில்லியம் பியூமொன்ற் அத்துளையூடாக உணவை நூலிற் கட்டி இறக்கிப் பல ஆண்டுகள் பரிசோதித்து, 1833இல் தம் முடிபுகளை நூலாக்கினார். நூலின் புகழ் மருத்துவருக்காயிற்று. வறுமையால் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டுத் தன் உடலைத் தந்த கூலியாளை வரலாறு அத்துணை நினைப்பதில்லை.

அதே 1822இல் அமெரிக்காவிற் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், பின்னர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றி, 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார் என்பது ஈண்டு நினைத்தற்குரியது. உடலின் தொழிற்பாட்டைக் கூறும் 'மனுஷ சுகரணம்' அவர் தமிழுக்கு அளித்த நூல்களுள் ஒன்று. இத்தகைய செய்திகளைத் தமிழிற் கூறல் புதுமுயற்சியன்று என்பதற்கு அதுவே சான்று.

1836இல் ஜேர்மனியரான தியோடர் சுவான் இரைப்பைச் சாற்றில் அமிலத்தோடு வேறொரு பொருளும் தொழிற்படுவதைக் கண்டு, சமிபாட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'பெப்சின்' எனப் பெயரிட்டார். இங்கு ஓர் ஐயம் எழுந்தது. இறைச்சியைக் கரைக்கும் அந்நொதியம் தன்னைச் சுரக்கும் கலங்களையே ஏன் கரைப்பதில்லை? 1886இல் லாங்லி, எட்கின்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் விடையை உறுதி செய்தனர். சோடியங்காபனேற்றுக் கரைசல் பெப்சினை விரைவில் அழித்தது. சுரப்பியிலிருந்து பிழிந்தெடுத்த பொருளையோ அவ்வாறு அழிக்கவில்லை. எனவே சுரப்பியில் இருப்பது பெப்சின் அன்று, அதன் முன்னோடியே. பெப்சினோசன் எனப்படும் அம்முன்னோடி உறையில் இட்ட வாள் போன்றது. இரைப்பையின் அமிலம் உறையை நீக்கிய பின்னரே வாள் வெட்டும். பின்னர் 1930இல் நோத்ரொப் பெப்சினைப் பளிங்காக்கி அது புரதமே என நிறுவினார். 1946இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

சுரக்கும் பெப்சினோசனில் மிகச் சிறுபகுதி குருதியிற் கலக்கின்றது. இவ்வுண்மையை நோயறியப் பயன்படுத்தியோருள் மேர்ஸ்கி குறிப்பிடத்தக்கவர். அவரும் உடனாய்வாளரும் அமெரிக்கப் படைக்குச் சேர்க்கப்பட்ட 2,073 இளைஞரின் குருதியைச் சோதித்து, 1957இல் முடிவுகளை வெளியிட்டனர். பெப்சினோசன் மிகுந்தோரிடையேதான் முன்சிறுகுடற் புண் காணப்பட்டது. இங்கு மிகுதியே எச்சரிக்கையாயிற்று.

குறைவும் எச்சரிக்கையாகலாம் என்பதை அடுத்த தலைமுறை உணர்த்திற்று. பெப்சினோசன் இருவகைப்படும் என சாம்லோவ் பிரித்துக் காட்டினார். முதல்வகை இரைப்பையின் உடற்பகுதியில் மட்டும் சுரப்பது. இரண்டாம் வகை அதன் கீழ்ப்பகுதியிலும் முன்சிறுகுடலிலுங்கூடச் சுரப்பது. நாட்பட்ட அழற்சியால் உடற்பகுதியின் சுரப்பிகள் அழியும்போது முதல்வகை வீழ்கின்றது. இரண்டாவது பெரும்பாலும் நிலைத்திருக்கின்றது. ஆகவே இரண்டுக்குமுள்ள விகிதம் குறையும். இவ்வழிவே இரைப்பைப் புற்றுநோய்க்குச் செல்லும் வழியின் ஒரு படியாகும். இதனைக்கொண்டு ஜப்பானில் மிக்கி முதலியோர் 1987இல், முதல்வகை மில்லிலீற்றருக்கு 70 நனோகிராமுக்கு மேற்படாமலும் விகிதம் 3க்கு மேற்படாமலும் இருப்போரை உள்நோக்கிச் சோதனைக்குத் தெரிந்தெடுக்கும் முறையை முன்வைத்தனர். அழற்சியின் முதற் காரணியான எலிக்கோபற்றர் பைலோறி என்னும் பற்றீரியாவை வொரன், மார்ஷல் ஆகியோர் அவுஸ்திரேலியாவில் 1982இல் வெளிப்படுத்தினர். 2005இல் நோபல் பரிசு பெற்றனர்.

தமிழ்நிலத்திலும் இரைப்பைநோய் புதியதன்று. 1922, 1924ஆம் ஆண்டுகளில் எவரெஸ்ற் மலையேறச் சென்ற சோமர்வெல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் அறுவை மருத்துவராகி, அங்கு முன்சிறுகுடற் புண் மலிந்திருத்தலைப் பதிவு செய்தார். சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு 1980களில் ஆண்களிடையே இரைப்பைப் புற்றுநோயை முதன்மையானதாகக் காட்டிற்று. ஜப்பானோடு ஒப்பிடின் இந்தியாவிலும் இலங்கையிலும் அந்நோய் பொதுவாகக் குறைவே. எனினும் குறைவு என்பது இன்மை அன்று.

அங்ஙனமாயின் இச்சோதனையை வன்னியில் உடனே கைக்கொள்ளலாமா? ஈண்டு அவதானம் வேண்டும். முதலாவது, இது புற்றுநோயைக் காட்டுவதன்று. சுரப்பிகளின் அழிவைக் காட்டுவது. அழிவின்றித் தோன்றும் புற்றுநோய் இதற்குத் தப்பிவிடும். இரண்டாவது, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் பெப்சினோசன் அளவை உயர்த்துவன. மூன்றாவது எமக்கு மிக முக்கியமானது. குருதியிலுள்ள பெப்சினோசனை அகற்றுவதில் சிறுநீரகத்துக்கும் பங்குண்டு. சிறுநீரகம் பழுதுற்றால் அளவு உயரும். காரணம் தெளியாத நாட்பட்ட சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தைப் போன்று வவுனியா விவசாயிகளையும் பீடித்துள்ளது. அத்தகையோரின் இரைப்பை அழிந்திருந்தும் குருதி 'நலம்' எனப் பொய்ச்சான்று பகரலாம். ஜப்பானியரின் அளவுகோலை அப்படியே இங்குப் பெயர்த்தல் தகாது. எம்மவரின் குருதியில் எம்மவருக்கான அளவு காணப்படல் வேண்டும்.

அப்பம்மாவின் கேள்விக்கு என் விடை இதுவே: வழி ஒன்று இருந்தது, ஆனால் அது எம் ஊரை அடையவில்லை, அடைந்திருப்பினும் அதனை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. எனினும், குழாய்ச் சோதனைக்கு நெடுவழி செல்லவேண்டிய மக்களுள் எவர் முதலிற் செல்லவேண்டும் என்பதைக் கூறுமாயின் அதுவே பெரும்பேறாகும். கூலியாளின் இரைப்பையும் படைவீரரின் குருதியும் இவ்வறிவை உலகுக்கு ஈந்தன. வயலில் உழைப்போர் வாசலுக்கும் அது வந்து சேர்தல் நீதியன்றோ?