மெழுகு, நீர், காற்று: வடக்கெல்லை லாரித்தடத்தில் டீசல் பழுதறிதலின் வரலாறு

ஆரணியாற்றின் கரையில் அமைந்த ஊத்துக்கோட்டையும், அதற்குக் கிழக்கே கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி வளர்ந்த கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையும் டீசலை உறையவைக்கும் குளிரை ஒருநாளும் கண்டதில்லை. மார்கழி, தை மாத விடியலில்கூட இப்பகுதியின் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. ஆயினும் இங்கிருந்து புறப்படும் லாரிகளில் சில பனிபொழியும் மலைப்பாதைகள்வரை செல்கின்றன என்பதாலும், இங்கேயே நிற்கும் லாரிகள்கூட மழைக்காலத்தை அடுத்து வரும் காலைவேளைகளில் எளிதில் கிளம்பாமல் அடம்பிடிக்கின்றன என்பதாலும், குளிர்காலத்து எரிபொருள் கோளாறு இத்தடத்தின் பட்டறைகளுக்குப் பழக்கமான ஒன்றாகவே இருந்துவருகிறது. முதல்வகைக் கோளாறுக்குக் காரணம் டீசலில் கரைந்திருக்கும் மெழுகு. இரண்டாவதற்குக் காரணம் அதில் நுழைந்துவிடும் நீரும் காற்றும். வண்டி நிற்கும்போது வெளிக்குத் தெரியும் அறிகுறி மூன்றுக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், அவற்றைப் பிரித்தறியக் கற்றதே இத்தொழிலின் வரலாற்றில் நடுநாயகமான செய்தி எனலாம்.

இப்பகுதி லாரித்தொழிலின் நிலமானதற்கு அரசியலும் ஆலையும் சேர்ந்தே காரணமாயின. 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தால் திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் சத்தியவேடு ஆந்திரத்துக்கும் சென்றன. ஊத்துக்கோட்டை எல்லையோர ஊராக நிலைபெற்றது. அதற்கு முன்பே, 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் கார்களைப் பூட்டும் நிறுவனமாக எண்ணூரில் காலூன்றி, இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின் பயனாகக் காமெட் லாரிகளைத் தயாரிக்கத் தொடங்கி, 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1969இல் மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் இயங்கத் தொடங்கியதும், வண்டியும் எரிபொருளும் அருகருகே உருவாகும் நிலை ஏற்பட்டது. பின்னர் கும்மிடிப்பூண்டியின் சிப்காட் வளாகத்தில் பெருகிய இரும்பு உருட்டாலைகள் அந்த வண்டிகளுக்குச் சுமையையும் அளித்தன.

டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போலத் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்று மிக நெருக்கமாக அழுத்தப்படும்போது எழும் வெப்பமே, நாசில் வழியாகப் பனிப்புகைபோல் தெளிக்கப்படும் டீசலைப் பற்றவைக்கிறது. இத்தெளிப்புக்குத் தேவையான உயரழுத்தப் பம்பை ஜெர்மனியின் ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927இல் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த பின்னரே டீசல் லாரி பரவலாயிற்று. இந்தியாவில் அதன் கிளையாக 1951இல் நிறுவப்பட்ட மைக்கோ, உள்நாட்டிலேயே பம்பும் நாசிலும் கிடைக்க வழிசெய்தது. மெக்கானிக்குகள் 'எலிமென்ட்' என்று அழைக்கும் பம்பின் உலக்கைக்கும் அது ஏறியிறங்கும் உருளைக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. அவற்றுக்கு மசகும் டீசலே என்பதால், நீர் கலந்த டீசல் எஞ்சினை நிறுத்துவதோடு நில்லாமல் பம்பையே அரித்துவிடுகிறது. வண்டியின் அமைப்பும் குளிர்ச்சித் தொல்லையைப் பாதித்தது: 1954இல் ஜாம்ஷெட்பூரில் வெளிவரத் தொடங்கிய டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரிகளின் எஞ்சினில் எரிதல் ஒரு முன்னறையில் தொடங்கியதால், கிளப்புமுன் ஹீட்டர் பிளக்கைச் சூடேற்ற வேண்டியிருந்தது, நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளித்த லேலண்ட் எஞ்சினுக்கு அது தேவைப்படவில்லை.

மெழுகின் தொல்லை டீசலின் பிறப்போடு வந்தது. கச்சா எண்ணெயில் உள்ள பாரஃபின் என்னும் நீள்சங்கிலிச் சேர்மங்களில் ஒரு பகுதி டீசலிலும் தங்குகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த கனமான சேர்மங்களிலிருந்தே மணலி ஆலை பின்னாளில் மெழுகையும் தயாரித்தது. வெப்பநிலை குறையும்போது இச்சேர்மங்கள் முதலில் நுண்படிகங்களாகப் பிரிந்து டீசலைக் கலங்கச் செய்கின்றன. பிறகு ஃபில்டரின் தாளை அடைக்கின்றன. இறுதியில் டீசல் ஓட்டம் இழந்து கூழாகிறது. ஓட்டுநருக்கு முக்கியமானது இந்த நடுக்கட்டமே என்பதால், டீசலைப் படிப்படியாகக் குளிர்வித்து, அதில் 20 மில்லி லிட்டரை 45 மைக்ரான் கண்ணுடைய வலை வழியே 60 விநாடிக்குள் உறிஞ்ச முடியாமற்போகும் வெப்பநிலையை அளக்கும் சோதனை வகுக்கப்பட்டது. இந்தியத் தர நிர்ணயம் இந்த அடைப்பு வெப்பநிலைக்கு நவம்பர் முதல் பிப்ரவரிவரை 6 டிகிரியையும், ஏனைய மாதங்களில் 18 டிகிரியையும் உச்சவரம்பாக வைத்திருக்கிறது. சமவெளிக்குப் போதுமான இவ்வரம்பு மலைக்குப் போதாது. பஞ்சாபிலோ தில்லிச் சுற்றுப்புறத்திலோ டேங்கை நிரப்பிக்கொண்டு லடாக்கை நோக்கி ஏறும் லாரி, கீழ்நாட்டு டீசலையே மேல்நாட்டுக் குளிருக்குள் சுமந்து செல்கிறது.

அத்தகைய இடங்களில் ஓட்டுநர்கள் கைக்கொண்ட உத்திகள் ஆபத்தும் பயனும் கலந்தவை. டேங்கின் அடியில் தீ மூட்டுவது, காற்று உறிஞ்சும் வாயருகே எரியும் துணியைப் பிடிப்பது ஆகியவை உயிருக்கு உலை வைக்கக்கூடியன. ஃபில்டர் மீதும் குழாய் மீதும் வெந்நீர் ஊற்றுவது பாதுகாப்பானது, பயனும் உடையது. மண்ணெண்ணெய் கலப்பது மெழுகுப் படிவைத் தள்ளிப்போட்டாலும் மசகுத்தன்மையைக் குறைத்து எலிமென்ட்டைத் தேய்த்தது. இவற்றுக்கு முறையான மாற்றாக, பானிப்பட்டு ஆலையில் உருவாக்கப்பட்டு, மைனஸ் 33 டிகிரிவரை ஓட்டம் இழக்காத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்கில் அறிமுகப்படுத்தியது.

ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் மெழுகுக்கு இடமில்லை. இங்கே வடகிழக்குப் பருவமழையே முதன்மைக் காரணி. பிச்சாட்டூர் அணை திறக்கப்படும்போது ஆரணியாற்றுத் தரைப்பாலம் மூழ்குவது இவ்வூருக்குப் புதிதல்ல. டேங்கின் மூடியும் மூச்சுத்துளையும் சரியில்லாத வண்டிக்குள் மழைநீர் புகுவது எளிது. அதைவிட நுட்பமானது, பாதி காலியான டேங்கினுள் தங்கிய ஈரக்காற்று இரவில் குளிர்ந்து சுவரில் வியர்ப்பது. இதனோடு, தேய்ந்த வாஷரும் வெடித்த ரப்பர் குழாயும் இரவு முழுவதும் காற்றை உள்ளே விட, டீசல் டேங்குக்கே பின்வாங்கிவிடுகிறது. பகலில் சூட்டோடு ஓடும்போது மறைந்திருந்த இக்குறை, குளிர்ந்த காலையில்தான் முகம் காட்டுகிறது. ஆகவே இங்கே குளிர் பெரும்பாலும் நோயைத் தருவதில்லை. முன்பே இருந்த நோயை வெளிப்படுத்துகிறது.

இதை அறிந்த மெக்கானிக்குகள் பம்பைக் கழற்றுவதற்குமுன் பின்பற்றிய வரிசை, கைக்கருவிகளைக் கொண்டே பெரும்பகுதி விடையைத் தந்தது. செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டரை எட்டவில்லை என்றும், வெண்புகை வந்தால் எட்டியும் எரியவில்லை என்றும் முதலில் பிரித்தனர். பின்னதில் குறை எஞ்சினின் அழுத்தத்திலோ, பம்பின் டைமிங்கிலோ, நீர்க்கலப்பிலோ இருக்கலாம். அடுத்து ஃபில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிரைமரை அழுத்தினர். நுரை வந்துகொண்டே இருந்தால் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையே காற்று புகுகிறது. குமிழியற்ற தாரை வந்தால் ஃபில்டர்வரை வழி சரி. பிரைமர் இறுகிப்போய் டீசலே வராவிட்டால் அடைப்பு. அடைப்பின் தன்மையை அறிய, ஃபில்டர் கிண்ணத்தின் அடியிலிருந்து கண்ணாடிப் புட்டியில் சிறிது பிடித்து வைத்தால் போதும்: டீசலைவிடக் கனமான நீர் அடியில் தனிப்படலமாகத் தங்கும்; மெழுகுக் கலங்கல் வெயில் பட்டதும் தெளிந்துவிடும். கிளம்பிய வண்டி சில நிமிடத்தில் நின்றுபோய், சற்று ஆறவிட்டால் மீண்டும் கிளம்புவதும் ஃபில்டர் அடைப்பையே பெரும்பாலும் சுட்டியது. இவ்வளவும் தீர்ந்த பிறகே பம்பும் நாசிலும் கலிபரேஷன் பட்டறையின் மேசைக்கு ஏறின.

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் பழைய பட்டறை முறைகளில் ஒரு பகுதியைக் காலாவதியாக்கின. இவ்விதிகளுக்கேற்ற லாரிகளில், டீசலை ஒரு பொதுக்குழாயில் தேக்கி, மின்கட்டுப்பாட்டு இன்ஜெக்டர்களுக்குப் பங்கிடும் காமன் ரெயில் அமைப்பில் அழுத்தம் 1,600 பார் அளவையும் தாண்டுவதால், எஞ்சின் ஓடும்போது உயரழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய முறையில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உயிருக்கே உலை வைக்கும். ஸ்கேனர் அந்த இடத்தை நிரப்பியிருக்கிறது. ஆனால் ரெயிலில் அழுத்தம் குறைவு என்று அது காட்டும் குறியீடு, குறைவுக்குக் காரணம் மெழுகா, நீரா, காற்றா என்பதைச் சொல்வதில்லை. தாழ்வழுத்தப் பக்கத்தை முதலில் பார், புட்டியில் பிடித்துப் பார், பிறகு விலையுயர்ந்த உறுப்பைத் தொடு என்ற பட்டறை ஒழுங்கு அதனால்தான் இன்றும் கைவிடப்படவில்லை. சில மைக்ரான் இடைவெளியில் இயங்கும் இன்ஜெக்டரின் விலை ஏற ஏற, அவ்வொழுங்கைத் தவறவிடும் பிழைக்கான தண்டமும் ஏறியிருக்கிறது.