வெற்றிலையும் பி53 பரம்பரையலகும்: பேராதனையில் வேர்கொண்ட ஒரு புற்றுநோய் ஆய்வு மரபு

புற்றுநோய்ப் பரம்பரையலகுகளை ஆராய்ந்த ஒருவரின் வாழ்க்கையை எழுதுவோர் பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றனர்: சொந்த ஊரில் படிப்பு, மேலைநாட்டில் பயிற்சி, பெரிய ஆய்வுகூடம், புகழ். சமன் வர்ணகுலசூரியவின் வாழ்க்கையையும் அவ்வாறு எழுதிவிடலாம். பேராதனையில் பல் மருத்துவம் கற்றார், அங்கேயே கற்பித்தார், பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியராகி, வாய்ப்புற்றுநோய்க்கான உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையத்தை வழிநடத்தினார். தகவல்கள் சரியானவை. ஆனால் இந்த வரிசை அவருடைய ஆய்வின் தன்மையை மறைத்துவிடுகிறது. அவரும் அவருடன் உழைத்த இலங்கை ஆய்வாளர்களும் பரம்பரையலகிடம் கேட்ட கேள்வி, வெற்றிலை போடும் மக்களின் வாய்களைப் பார்த்துப் பார்த்து உருவானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் நுணுக்குக்காட்டியில் இல்லை. 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வர்ணகுலசூரிய, ஏக்கநாயக்க, சிவயோகம், டென்மார்க்கின் பிண்ட்போர்க் முதலியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 28,000க்கும் மேற்பட்டோரின் வாய்களைப் பரிசோதிக்கச் செய்திருந்தனர். வெண்படலம், செம்படலம், இறுகிய கன்னம் ஆகியவற்றை அந்த ஊழியர்களால் இனங்காண முடிந்தது. மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் கணிசமானோர் வரவில்லை என்பதும் பதிவாயிற்று. இலங்கை ஆண்களிடையே நெடுங்காலமாக முதலிடத்தில் இருந்துவரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். அதைக் கண்ணால் பார்த்தே முன்கூட்டி அறியலாம் என்று காட்டிய இந்த வேலையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பிற்காலப் பரம்பரையலகு ஆய்வுக்கும் பொருள் தந்தது இதுவே. யாருடைய இழையம், எந்தப் பழக்கத்துக்குப் பின் வந்தது என்று தெரியாவிட்டால், விகாரங்களின் பட்டியலிலிருந்து நோயின் காரணத்தைப் பற்றி அதிகம் பேச இயலாது.

இதைப் புரிந்துகொள்ள ஈரல் புற்றுநோய் உதவும். பதினேழாம் நிறமூர்த்தத்தின் குறும்புயத்தில் உள்ள பி53 பரம்பரையலகு, சேதமுற்ற கலம் பெருகாமல் தடுக்கும் புரதத்தை ஆக்குகிறது. பூஞ்சணம் பிடித்த தானியத்தில் அஃப்லரொக்சின் நஞ்சு மிகுந்த சீனாவின் சிடோங்கிலும் தென்னாபிரிக்காவிலும் ஈரல் புற்றுநோயாளரிடம் இப்பரம்பரையலகின் 249ஆவது இடத்திலேயே விகாரம் திரும்பத் திரும்பக் காணப்படுவதாக 1991இல் தெரியவந்தது. உண்ட நஞ்சு தன் தடத்தைப் பரம்பரையலகில் விட்டுச்செல்கிறது என்பதற்கு அது வலுவான சான்று. அப்படியானால் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் விட்டுச்செல்லும் தடம் எது?

1993இல் ரணசிங்க, வர்ணகுலசூரிய, நியூவெல் ஜோன்சன் ஆகிய மூவரும் வெளியிட்ட முடிவு எதிர்பாராதது. மேலைநாட்டு வாய்ப்புற்றுக்களில் பெருமளவில் தென்பட்ட பி53 புரதத் தேக்கம், வெற்றிலையும் புகையிலையும் மென்ற இலங்கையரின் புற்றுக்களில் குறைவாகவே இருந்தது. ஆனால் 1998இல் சிபாவும் முத்துமாலவும் உள்ளிட்ட ஜப்பானிய–இலங்கைக் குழுவொன்று, இலங்கையின் வெற்றிலைப் பழக்கத்தோடு தொடர்புள்ள புற்றுக்களில் டி.என்.ஏ.யையே வாசித்தபோது, பி53 விகாரங்கள் இருந்தன. அவை அப்பரம்பரையலகின் ஐந்தாம் எக்சோன் என்ற பகுதியில் செறிந்திருந்தன.

இவ்விரண்டையும் முரண் என்று ஒதுக்கிவிடுவது அவசரம். முதலாவது முறையில் பிறபொருளெதிரி கொண்டு சாயமேற்றுகிறார்கள். கலத்தில் தேங்கும் புரதமே அதில் தென்படும். சிறு துண்டு அறுந்துபோய் வாசிப்புச் சட்டகம் பிசகினால், புரதம் பாதியில் நின்றுவிடும், தேங்க எதுவும் இராது, சாயமும் பிடிக்காது. விகாரம் இருந்தும் இல்லாததுபோல் தோற்றம் தரும். எனவே முறை வேறுபாடு இம்முரணின் ஒரு பகுதியையேனும் விளக்கும் என்றே கருதுகிறேன். மேலைநாட்டு நோயாளரிடம் தேறிய ஒரு சோதனையை மலைநாட்டு நோயாளருக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதும் இதிலிருந்து பெறப்படுகிறது.

பேராதனையிலேயே தங்கி உழைத்தவர்களின் பங்கு இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை. வாய் நோயியல் பேராசிரியராக அங்கு பணியாற்றிய டபிள்யூ. எம். திலகரத்ன, கன்னத்தின் உட்புறம் நாராகி இறுகி, வாய் திறக்க முடியாமற்போகும் நோயைத் தொடர்ந்து ஆராய்ந்தார். பாக்கிலுள்ள அரெக்கோலின் நார்க்கலங்களைத் தூண்டுகிறது. பாக்கின் செம்பு கொலாசன் இழைகளைப் பிணைக்கும் நொதியத்தை ஊக்குகிறது. இறுகிய இழையத்தில் குருதியோட்டம் குன்றி ஒட்சிசன் குறைகிறது. அக்குறைவுக்கு எதிர்வினையாற்றும் ஹிஃப்-1 ஆல்பா என்ற புரதம் இந்நோய் புற்றாக மாறும்போது மிகுவதை அவருடைய குழு 2008இல் காட்டியது. பழக்கம், இழையம், மூலக்கூறு என்று ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கிச் செல்லும் இந்த விளக்கத்தைப் பி53 ஆய்வுக்குச் சமமானதாகவே கொள்ள வேண்டும்.

மத்திய இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே ஆரியவர்தன, திலகரத்ன, வர்ணகுலசூரிய முதலியோர் நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. நம் மலையக மக்களை இந்த இலக்கியத்தில் தனியாக நிறுத்திப் பார்த்ததால் அது முக்கியமானது. குளிரிலும் பசியிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு வெற்றிலை வெறும் பழக்கமாக மட்டும் இருப்பதில்லை. வேலை நாளைக் கடக்கும் வழியும் அதுவே. அவளுடைய கலத்தில் நேர்ந்த விகாரம் தாய் தந்தையரிடமிருந்து வந்ததன்று. வாழ்நாளில், உழைப்பின் சூழலில் ஏற்பட்டது. ‘புற்றுநோய்ப் பரம்பரையலகு’ என்றதும் குடும்பத்தில் ஓடும் நோய் என்று எண்ணுவோருக்கு இந்த வேறுபாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியுள்ளது. புகையிலை கலவாத வெற்றிலையும், ஏன் பாக்கு மட்டுமேகூட, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியது. புகையிலையை விட்டுவிட்டு வெற்றிலை பாக்கைத் தொடரலாம் என்ற ஆறுதலுக்கு அதன்பின் இடமில்லை.

இந்தியாவின் சர்வதேசப் புற்றுநோய் மரபணுத்தொகுதித் திட்டக் குழு, ஈறும் கன்னமும் சேருமிடத்துப் புற்றுக்களை வாசித்து 2013இல் முடிவுகளை வெளியிட்டது. பி53 உடன் ஃபாட்1, காஸ்பேஸ்8, நொட்ச்1 ஆகிய, பிற நாடுகளிலும் தெரிந்த பரம்பரையலகுகளும், அதுவரை இந்நோயோடு இணைத்துப் பேசப்படாத வேறு சிலவும் அதில் இருந்தன. மலைநாட்டுப் புற்றுக்களிலும் அதே கூட்டம்தான் இருக்கும் என்று முன்கூட்டி முடிவு செய்யக் கூடாது. பாக்கின் பதம், சுண்ணாம்பின் அளவு, புகையிலையின் வகை எல்லாம் இடத்துக்கு இடம் மாறுகின்றன. நோயியல் துறைகளில் மெழுகுக் கட்டிகளாகச் சேமிக்கப்படும் இழையங்களை இன்றைய முறைகளால் வாசிக்கலாம். ஒவ்வொரு கட்டியோடும் நோயாளர் என்ன மென்றார், எத்தனை ஆண்டுகள், எந்தத் தோட்டத்தில் என்பது சேர்ந்து பதிவாகியிருந்தால்தான் 1993இன் சாயத்துக்கும் 1998இன் வாசிப்புக்கும் இடையில் நிற்கும் கேள்வியைத் தீர்க்க முடியும். அந்தப் பதிவை எழுதுபவர் வைத்தியசாலை விடுதியில் நோயாளரிடம் அவருடைய மொழியில் பேசத் தெரிந்த இளம் வைத்தியராக இருப்பார். ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் அவருடைய பெயரும் இடம்பெற வேண்டும்.